பள்ளிக்கூட வாசல் வரை

என் தமக்கைக்கு மூன்று மாதமாக ஒரே குறை. பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சனி, ஞாயிறு வந்தால், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், அம்மாவுக்கு இரண்டு கறிகாய் நறுக்கிக் கொடுத்தோம் என்று இருக்கமாட்டேன் என்கிறாள். வேலைக்குப் போகும் குழந்தைகளை மீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் ஒரு சங்கத்தில் தொண்டராகச் சேர்ந்து, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறாளாம். "நீ சொன்னால் கேட்பாள், கொஞ்சம் புத்தி சொல்லு" என்று என்னிடம் அனுப்பி வைத்தாள் அக்கா. புத்தி சொல்ல உட்கார்ந்தவள், நன்றாகக் கேட்டுக்கொண்டு எழுந்திருந்தேன்.

"அங்கே போய் என்னடி செய்வாய்? பட்டறைக்காரனோடு சண்டை போடுவாயா?" என்றேன். சினிமாவில் அப்படித்தானே பார்க்கிறோம்!

"சண்டையா? வாசற்படியில் உட்கார்ந்து பேசுவதுதான் முக்கால்வாசி வேலை, சித்தி" என்று சிரித்தாள்.

ஒரு வீட்டுப் பையன் மோட்டார் ஷெட்டில் வேலை செய்கிறான். அவன் தாயார் முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். இரண்டாம் தடவை, "நீயா வந்து சோறு போடப் போகிறாய்?" என்று கேட்டாளாம். மூன்றாம் தடவை குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம். நான்காம் தடவைதான் விஷயம் வெளியே வந்தது. பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதைச் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போய் நாலு பேர் முன்னால் நிற்க அவளுக்கு மனசில்லை. மற்றபடி, மகன் படிக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இருப்பதில் ஒரு குன்றிமணிகூட அவளுக்குக் குறைவில்லை.

2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில், வயதுக்கு அத்தாட்சி இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. வயதுக்குத் தகுந்த வகுப்பிலேயே சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகப் பயிற்சி தரவேண்டும் என்றும் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, சரி. அந்தத் தாயாரிடம் வந்து அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளாகத்தான் என் அக்காள் பெண் வெயிலில் அலைகிறாள். தாயாருடன் பள்ளிக்கூடத்துக்குத் துணைக்குப் போகிறாள். சேர்த்த பிறகு, பையன் நின்றுவிட்டானா என்று மாதா மாதம் போய்ப் பார்க்கிறாள். சேர்ப்பதைவிட இதுதான் சிரமமாம்.

இந்த வழியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் ஒரு பெண்மணி. ஹைதராபாத் சர்வகலாசாலையில் அரசியல் பேராசிரியையாக இருந்த சாந்தா சின்ஹா. சரித்திர ஆசிரியரான தம் பாட்டனார் மாமிடிப்பூடி வெங்கடரங்கையாவின் பெயரில் 1981-ல் தொடங்கிய ஸ்தாபனத்தின் மூலம், ரங்கா ரெட்டி ஜில்லா கிராமங்களில் வேலை செய்தார். அவருக்குக் கைகொடுத்தவர்கள் பட்டணத்துச் சீமான்கள் அல்ல. அந்தந்த ஊர் வாலிபர்களும் யுவதிகளும்தான். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன் முதலாக எழுத்து அறிந்தவர்கள். மாடு மேய்த்தவர்களையும், பண்ணையில் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களையும், பருத்தி விதை வயலில் பூவுக்குப் பூ மகரந்தம் வைத்த சிறுமிகளையும் முகாம்களில் தங்க வைத்துப் பாடம் சொல்லி, பிறகு பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தை எந்த வேலை செய்தாலும் குழந்தைத் தொழிலாளிதான் என்பது சாந்தா சின்ஹாவின் கட்சி. வீட்டு வேலைக்கும் அதில் விலக்குக் கிடையாது. 2003-ல் அவருக்கு மகஸேஸே விருது கிடைத்தது.

இதையெல்லாம் கேட்டுப் பெருமையாக இருந்தது. காப்பி கலக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் எங்கள் பழைய போட்டோ ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இது யார்?"

1985-ம் வருஷத்துப் படம். என் பையனுடைய பிறந்த நாள். ஓரத்தில், பாதி உருவம் வெட்டுப்பட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்தவள். ஒன்பது வயதிருக்கும்.

"நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருந்தோம்" என்றேன், அவள் கேட்காமலே. "தீபாவளிக்குப் பாவாடை, சட்டை. நாங்கள் சாப்பிட்டதுதான் அவளுக்கும். உன் அண்ணாவைப் பள்ளிக்கூடத்தில் போட்ட பிறகு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் அவள்தான் கொண்டுபோய் விடுவாள்."

"பள்ளிக்கூட வாசல் வரைக்குமா, சித்தி?"

அவ்வளவுதான் கேட்டாள். குத்திக் காட்டவில்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாசல் வரைக்கும்தான். பையை அவன் தோளில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, எனக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பாள். ஐந்து வருஷம். ஒரு நாளாவது அவளையும் உள்ளே அனுப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றியதில்லை. படித்தவள் நான், பத்திரிகைக்கு எழுதுகிறவள்.

அப்போது அது குற்றமாக இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். 1986-ல் வந்த சட்டத்திலும் வீட்டு வேலை தடுக்கப்படவில்லை. 2006 அக்டோபர் 10-ந் தேதி முதல்தான் பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆயிற்று. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று கடுமையாக்கினார்கள்.

அப்படியும் எங்கள் எதிர் பிளாட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. பால் வாங்க வருவாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நிற்பாள். ஆறு மாதமாகப் பார்க்கிறேன்.

"நானே போய் அந்த மாமியிடம் நயமாகச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சித்தி. நீங்கள் சொன்னால், ராத்திரியோடு ராத்திரியாக அவளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் தேடவே முடியாது. 1098-க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் தொண்டர்கள்கூடத் தனியாகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்."

நேற்றுக் காலை போன் செய்தேன். கை சற்று நடுங்கத்தான் செய்தது. எதிர் வீட்டு மாமி நல்லவள். என் மூட்டுவலிக்குத் தைலம் காய்ச்சிக் கொடுத்தவள். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்தால், இனிமேல் சர்க்கரை கடன் கேட்டுக்கூட என் வாசலுக்கு வரமாட்டாள்.

அக்காவுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். பெண்ணுக்கு ஒரு நல்ல குடை வாங்கிக் கொடு என்று.