நகரின் திறவுகோல் எவர் கையில்?

தெருவிளக்கும் குப்பைத்தொட்டியும் நீர்க்குழாயும் பேசத் தொடங்கிவிட்ட காலம் இது. விளக்கின் தலையில் ஓர் உணரி, தொட்டியின் மூடியில் ஓர் உணரி, குழாயின் வாயில் ஓர் அளவி என வைத்து, அவை ஒவ்வொன்றும் தன் நிலையைக் கம்பியின்றியே நகராட்சிக் கணிப்பொறிக்கு அறிவிக்குமாறு செய்துள்ளனர். இதனையே பொருளிணையம் என்கின்றோம். பொருள்கள் பேசுவது வியப்பன்று. அப்பேச்சு எவர் செவியில் விழுகின்றது, எவர் அதனைத் தம் பெட்டியிற் பூட்டிக்கொள்கின்றார் என்பதன்றோ நாம் வினவவேண்டுவது!

இத்தகு நகர்க்கு மென்பொருள் கட்டுவதில் இருவழி உண்டு. விளக்கு, நீர், குப்பை, போக்குவரவு யாவற்றையும் ஒரே பெரும் மென்பொருளாக்கி ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஒருவழி. ஓரிடத்தில் விரிசல் கண்டால் முழுமையும் நின்றுபோம். ஒரு சிறு மாற்றத்திற்கும் கட்டியவனையே கைகட்டி அழைக்கவேண்டும். மற்றொன்று நுண்பணி முறை. 2014இல் சேம்சு இலூயிசும் மார்ட்டின் பவுலரும் எழுதிய கட்டுரையால் இப்பெயர் உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிச் சிறு மென்பொருள். அதற்கெனத் தனித் தரவுக் கிடங்கு. ஒன்றோடொன்று பேசுதற்கு வரையறுத்த வாயில். குப்பைக் கணக்குப் பழுதுற்றாலும் விளக்கு எரியும். வண்டி நெருக்கம் மிகும் மாலையில் அப்பணியை மட்டும் பல படிகளாகப் பெருக்கி இயக்கலாம். ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொருவர் செய்ததை அவ்விடத்திற் பொருத்தவும் கூடும்.

இதற்கு நாம் கண்ட நல்ல சான்று கத்தலோனியத் தலைநகராகிய பார்சிலோனா. 2012இல் அம்மாநகராட்சியின் கணிப்பொறி நிறுவனம் உணரித் தரவுகளுக்கெனத் தானே ஒரு தளத்தைக் கட்டத் தொடங்கிற்று. அதன் பெயர் செந்திலோ. நம் செவிக்குச் செந்தில் போல் ஒலிப்பினும் முருகனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எசுப்பெராந்தோ மொழியில் அச்சொற்கு 'உணரி' என்பதே பொருள். உணரிகளினின்று வருவனவற்றை வாங்கிக் கேட்போர்க்குப் பகிர்ந்தளிப்பது அதன் நடுப்பகுதி. எச்சரிக்கை எழுப்புதற்கும் பழந்தரவைச் சேர்த்துவைத்தற்கும் தனித்தனி ஏவலர்கள் போன்ற சிறு நிரல்கள் சூழ நிற்கின்றன. புதியதொன்று வேண்டின் நடுப்பகுதியைத் தொடாமலே சேர்க்கலாம். நிரலின் மூலத்தை எவரும் எடுத்தாளுமாறு திறந்தும் வைத்தனர். கத்தலோனிய ஊர்களாகிய தெராசாவும் இரேயுசும் அதனை ஏற்றன.

ஆயினும் நிரலை மட்டும் திறந்துவைத்தாற் போதுமோ? 2016 முதல் அந்நகரின் தொழில்நுட்பத் தலைமையிலிருந்த பிரான்செசுக்கா பிரியா என்னும் அம்மையார் ஒப்பந்தத்தின்மேற் கைவைத்தார். ஊரில் திரட்டும் தரவு ஊரார்க்கே உரியது என்னும் விதியை ஒப்பந்தங்களிற் புகுத்தினார். ஒரு பெருந்தொலைத்தொடர்பு நிறுவனம் தான் திரட்டியதைத் திங்கள்தோறும் கணிப்பொறி படிக்கும் வடிவில் நகராட்சிக்குத் தந்தாகவேண்டும் என்றாயிற்று. அதற்குமுன் அந்நிறுவனமே யாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்நகரிற் கிராசியா என்னும் பகுதியில், கதிரவன் வெளி எனப் பொருள்படும் 'பிளாசா தெல் சோல்' உள்ளது. இரவெல்லாம் அங்குக் கூட்டமும் கூச்சலும். சூழ வாழ்வோர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் பயனில்லை. 2017இல் அவர்கள் தம் மேன்மாடங்களில் இரைச்சல் உணரிகளைத் தாமே பொருத்தினர். இரவு இரைச்சல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த அளவை விஞ்சியது எண்ணாய் எழுந்து நின்றது. அவ்வெண்ணைக் கொண்டுபோய் நகராட்சியின் முன் வைத்தனர். குப்பை வண்டி இரவில் வருவது காலைக்கு மாறிற்று. கூட்டம் அமரும் படிகளின் இடத்தைப் பூந்தொட்டிகள் கொண்டன. முறையீட்டுத் தாளுக்கு அசையாத அலுவலகம் எண்ணுக்கு அசைந்தது. அவ்வெண் குடிமக்கள் கையில் இருந்ததனாலன்றோ இது நிகழ்ந்தது!

நுண்பணி முறையிற் குறையில்லை என்பார் பொய்யுரைப்பார். ஒரு மென்பொருள் ஐம்பதாகப் பிரிந்தால் வாயில்களும் பலவாகும். ஒவ்வொன்றிற்கும் பூட்டு வேண்டும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாது விட்ட கண்காணிப்புப் படப்பிடிப்பிகளைப் பெருந்தொகையாய்க் கைப்பற்றி, அவற்றைக்கொண்டே அமெரிக்காவில் இணையத் தளங்கள் பலவற்றை முடக்கியது. மேலும், பிழை எங்குற்றதெனத் தேடுதற்கு இவ்வமைப்பை அறிந்தவர் நகராட்சிக்குள்ளேயே இருத்தல்வேண்டும். அவரின்றிப் பகுப்பது ஒரு தலைவலியை ஐம்பதாக்குவதே. சிறிய ஊர்க்கு முதலில் ஒரே மென்பொருளே போதும். வாயில்களை மட்டும் செவ்வனே வரையறுத்துக் கட்டினாற் பின்னர்ப் பிரித்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊர்க்கு வருவோம். 2015இல் இந்திய அரசு நூறு நகர்களுக்கெனத் தொடங்கிய சீர்மிகு நகர்த் திட்டம் 2025 மார்ச்சுத் திங்களோடு முடிவுற்றது. (ஆங்கிலப் பெயர் கூர்மையைச் சுட்ட, நம் பெயர் சீரைச் சுட்டுகின்றது, நம்முடையதே நல்ல பெயர்.) தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, தஞ்சை, நெல்லை உள்ளிட்ட பதினொரு நகர்கள் அதில் இடம்பெற்றன. ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு நடுவங்கள் எழுந்துவிட்டன. திட்டம் முடிந்தபின்னும் அவற்றைப் பேணும் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட வேண்டியவையே. அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு வரும்போது, தரவு எவர்க்கு உரியது, எவ்வடிவில் எத்துணைத் திங்கட்கொருமுறை மாநகராட்சி கைக்கு வரும், ஒப்பந்தக்காரர் விலகினால் வாயில்களின் வரையறை எவரிடம் இருக்கும் என்பன அத்தாளில் எழுதப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொரு மாமன்ற உறுப்பினரும் வரிவரியாகப் பார்த்துக் கேட்கட்டும். தாளை மறைத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கின்றது.