சோத்தைக் குறைக்கச் சொல்கிறவர்களுக்கு

உடல் எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசியைப் பற்றி நம் ஊடகங்கள் இரண்டே விதமாகத்தான் பேசுகின்றன. எந்த நடிகர் போட்டுக்கொண்டார் என்ற கிசுகிசு ஒன்று. எந்த மருந்துக் கம்பெனிக்கு எத்தனை கோடி விற்பனை என்ற வணிகச் செய்தி மற்றொன்று. இரண்டிலும் நம் மக்கள் இல்லை. பருமன் என்றால் பங்களாக்காரர்களின் நோய் என்ற நினைப்பு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

2019-21 இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 40.4 விழுக்காடு பெண்களும் 37 விழுக்காடு ஆண்களும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். பத்துப் பெண்களில் நான்கு பேர் என்றால் அது போயஸ் தோட்டத்துக் கணக்காக இருக்க முடியாது. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒருநாள் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். துடைப்பத்தோடு கிளம்பும் பெண்களுக்கு ஒரு சர்க்கரை டீயும் பன்னும்தான் காலை உணவு. வேலை செய்யும் தெருவில் கழிப்பறை கிடையாது, அதனால் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள். வீடு திரும்பிய பிறகுதான் வயிறார ஒரு வேளைச் சோறு. ரேஷனில் அரிசி இலவசம். பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. இந்தத் தட்டிலிருந்து வரும் பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் இவர்கள் மருத்துவமனையில் கேட்கும் வைத்தியம்: "வாயைக் கட்டும்மா. சோத்தைக் குறை."

குறைத்துவிட்டு எதைத் தின்பது என்று யாரும் சொல்வதில்லை. அச்சடித்துத் தரும் உணவுப் பட்டியலில் ஓட்ஸ், பாதாம், பன்னீர் எல்லாம் இருக்கும். நமக்குக் கட்டுப்படியாகும் நல்ல புரதமான மாட்டிறைச்சி இருக்காது. அதைத் தின்கிறோம் என்று சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை நம்மில் பார்க்காதவர் யார்?

இந்த ஊசி அறிவியலாக நமக்குச் சொல்லும் முதல் செய்தி, பசி மன உறுதியின் விஷயமல்ல என்பதுதான். சாப்பிட்டதும் குடலில் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஒரு ஹார்மோனைப் போலவே செமாக்ளுடைட் வேலை செய்கிறது. 2021 இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்கள் போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய பிறகு அவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பி வந்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் அவர்கள் எல்லாரும் திடீரென்று சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா? உடம்பு தன் பழைய எடைக்கே இழுக்கிறது. பிரஷர் மாத்திரை போல இதுவும் பல பேருக்கு நீண்டகால மருந்து.

நீண்டகாலம் என்ற அந்தச் சொல்லில்தான் சாதியும் வர்க்கமும் வந்து உட்காருகின்றன. டிர்செபடைட் என்ற இதே வகை மருந்து 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் நான்கு வாரத்துக்கு 17,500. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தது நினைவிருக்கும். 23 ஆயிரத்தை ஒட்டி இருந்த சம்பளம் தனியாரிடம் போனால் 17 ஆயிரத்துக்கும் கீழே இறங்கும் என்பது அவர்களுடைய கோபங்களில் ஒன்று. அந்தப் பெண் தன் முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் அந்த நான்கு குப்பிகள் வராது.

செமாக்ளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைக்கும்தான். அதன்பின் நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கலாம், விலை இறங்கும். ஆனால் விலை இறங்கினால் தானாக நம் தெருவுக்கு வந்துவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி, யாரோ சொன்ன அளவில் போட்டுக்கொள்வதுதான் முதலில் வரும். ஏற்கெனவே இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோகலாம். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணமாக வருபவை. ஏசி அறையில் இருப்பவருக்கு அது தொந்தரவு. வெயிலில் குப்பை வண்டி தள்ளுகிறவருக்கு வாந்தியோடு நீரும் வற்றினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறையும் எடையில் ஒரு பகுதி கொழுப்பல்ல, தசை. உடம்பை மட்டுமே மூலதனமாக வைத்துப் பிழைக்கிறவர்கள் முட்டையும் பருப்பும் கறியும் இல்லாமல் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டால், எடை குறைவதோடு வேலைக்கான தெம்பும் போகும்.

இதெல்லாம் கார்ப்பரேட் சதி, கம்பும் கேழ்வரகும் போதும் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. கம்பெனிகள் லாபத்துக்குத்தான் விற்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சிறுதானியம் இன்று என்ன விலை விற்கிறது என்று கடையில் கேட்டுப் பார்க்கட்டும். அண்ணல் அம்பேத்கர் தன் கடைசி ஆண்டுகளில் நீரிழிவோடு போராடியவர். இன்சுலினும் தேவைப்பட்டது, உணவுக் கட்டுப்பாடும் தேவைப்பட்டது. இரண்டையும் கவனிக்க மருத்துவரான சவிதா அம்பேத்கர் அருகில் இருந்தார். நவீன மருத்துவத்தை மேல்தட்டுக்கு விட்டுவிட்டு நாம் மட்டும் கூழுக்குத் திரும்ப வேண்டும் என்பது என்ன நியாயம்?

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் செமாக்ளுடைடையும் டிர்செபடைடையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எல்லாருக்கும் அல்ல, சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, பருமனும் இருப்பவர்களுக்கு. தமிழ்நாடும் அங்கிருந்தே தொடங்கலாம். மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் அனுபவம் நம் மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இருக்கிறது. வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவமும் இருக்கிறது. ஆனால் இந்த ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும், பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஆகவே வாரம் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு, எடையும் சர்க்கரையும் பார்த்து அனுப்புவதே சரி. அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

எங்கள் குழுவில் இதைப் பேசியபோது ஒரு அக்கா கேட்டார்: "நிறுத்துனா திரும்ப ஏறிடும்னு சொல்றீங்க. நாலு மாசம் போட்டுட்டு அஞ்சாவது மாசம் ஸ்டாக் இல்லைன்னா நாங்க எங்க போறது தம்பி?" நாங்கள் எழுதும் மனுவில் அதைத்தான் முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம்: ஒரு நோயாளிக்குத் தொடங்கினால், மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை இடைவெளி இல்லாமல் தருவதற்கான இருப்பு. ரேஷனில் கூடுதல் பருப்பும் முட்டையும் என்பது இரண்டாவது.