பறை வேண்டும், பறையடிக்கிறவர் வேண்டாமா?

சனி, ஞாயிறு இரண்டே நாளில் பறையடிக்கக் கற்றுத் தருகிறோம் என்று அறிவிக்கும் முகாம்கள் இப்போது தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கின்றன. மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில், பாம்பு படுத்தாற்போல் நீண்டு கிடக்கும் மலையின் அடிவாரத்தில் இருக்கிற எங்கள் நாகமலை புதுக்கோட்டைக்கும் அந்தக் காற்று வந்துவிட்டது. ஒரு பக்கம் கல்லூரி, இன்னொரு பக்கம் பல்கலைக்கழகம் என்று அமைந்த ஊர் இது. பேராசிரியர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், அவர்களுடைய படித்த பிள்ளைகளும் நிறைந்த ஊர். பாங்கியிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் வேலை பார்க்கிற இளைஞர்கள் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை உள்ளங்கை கொப்புளித்து, முகம் மலர்ந்து திரும்புகிறார்கள்.

நல்ல காரியந்தான். ஆயினும் இந்த முகாம்களின் பேரில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. வழக்கைச் சொல்லுமுன், நான் எந்தக் கட்சியில் இல்லை என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

“சாவு மேளத்தைப் போய் நடுவீட்டுக்குக் கொண்டு வருகிறார்களே!” என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட இந்தக் கட்டுரையில் இடம் இல்லை. தம் வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தால் அதே மேளத்துக்கு ஆள் அனுப்புகிறவர்களும் அவர்களேதான். “இரண்டு நாளில் என்ன சங்கீதம் வரும்?” என்று சிரிக்கிற ரசிகர்கள் வேறொரு கூட்டம். அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: இரண்டு நாளில் சங்கீதம் வராது, சங்கீதத்தின் பேரில் மரியாதை வரும். வீணையைத் தொட்டே பார்க்காமல் அரை நூற்றாண்டு சபாக்களில் தலையாட்டுவதைவிட, ஒரு வாத்தியத்தைக் கையில் வாங்கித் தப்பும் தவறுமாக இரண்டு நாள் அடித்துப் பார்ப்பது மேல்.

நானும் அப்படி ஒரு முகாமில் நின்று கற்றுக்கொண்டவன்தான். மதுரைச் சீமையில் அதற்குத் தப்பு என்று பெயர். வேப்ப மரத்திலோ பலா மரத்திலோ மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டை கொடுத்து வட்டமாகப் பூட்டுகிறார்கள். தோலை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வலது கையில் பூவரசங் கட்டையில் செதுக்கிய குட்டையான அடிக்குச்சி; இடது கையில் மூங்கிலில் சீவிய நீண்ட, மெல்லிய சுண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். சூடு ஏற ஏற, தொள தொளவென்று முனகிக் கொண்டிருந்த தோல் கணீரென்று பேசத் தொடங்கும். இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்ததற்கே நான் கட்டிய பணம் தகும்.

அடிகளை வாயால் சொல்லிச் சொல்லித்தான் கற்றுக் கொடுக்கிறார்கள். எழுத்து இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை. சொல் முதலில் நாக்கில் ஏற வேண்டும், பிறகு கையில், கடைசியில் காலில். ஏனென்றால் இது உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் அல்ல. தோளில் மாட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே அடிக்கிற வாத்தியம். சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, சப்பரம் புறப்பட ஓர் அடி, அருள் வந்து ஆடுகிறவருக்கு ஓர் அடி, மாரடித்து அழுகிறவர்களுக்கு ஓர் அடி. ஒரு கிராமத்தின் நல்லதும் கெட்டதும் எல்லாம் அந்த அடிகளுக்குள் இருக்கிறது.

இதுவரை குறை ஒன்றும் இல்லை. குறை, இரண்டாம் நாள் மாலை பிரசங்கத்தில் ஆரம்பமாகிறது.

நிறைவு விழாவுக்கு ஓர் அறிஞர் வருவார். தொல்காப்பியம், திணைக்குரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்லியிருக்கிறது என்பார். உண்மை. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வரிசையாக அடுக்குவார். அதுவும் உண்மை. “ஆகவே பறை தமிழனின் ஆதி இசை, நம் எல்லோருக்கும் பொதுவான சொத்து” என்று முடிப்பார். மண்டபம் அதிரக் கைதட்டல் எழும்.

இங்கேதான் என் வழக்கு. சங்க காலத்திலிருந்து புறப்பட்ட அந்தப் பிரசங்கம் இடையில் எந்த ஊரிலும் நிற்காமல் நேரே நம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடுவே எத்தனையோ நூற்றாண்டுகள் இருக்கின்றன. அந்த நூற்றாண்டுகளில் பறை பொதுச் சொத்தாக இருக்கவில்லை. அது ஒரு ஜாதியின் தோளில் மாட்டப்பட்டிருந்தது; வேண்டாம் என்று கழற்றி வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. சாவுக்கும் தண்டோராவுக்கும் அடித்தாக வேண்டும். கூலியென்று பேச முடியாது; கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அதை அடித்த கையால் குளத்துத் தண்ணீரைத் தொடக் கூடாது. ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பறையா’ என்ற சொல் வழங்குகிறதே, அது நம் பறையிலிருந்து போன சொல்தான். நாம் உலகத்துக்கு வாத்தியத்தைக் கொடுக்குமுன் இழிவைக் கொடுத்தோம். இந்த விஷயத்தைப் பேசாமல் தொல்காப்பியத்தை மட்டும் பேசுவது, பத்திரத்தில் நடுப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொத்துக்குப் பாத்தியதை கொண்டாடுகிற மாதிரி.

நான் போன முகாமின் நோட்டீஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தலைமை வகித்தவர் பெயர் பட்டங்களோடு இருக்கிறது. முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை, நன்றியுரை, உணவு உபயம் செய்தவர் எல்லோர் பெயரும் இருக்கிறது. கற்றுக் கொடுத்தவர்? “பயிற்சி: கிராமியக் கலைஞர்கள்.” அவ்வளவுதான். கச்சேரி நோட்டீஸில் வித்வானின் பெயரைப் போடாமல் “பாட்டு: கர்நாடகக் கலைஞர்” என்று அச்சடிக்க யாருக்காவது துணிச்சல் வருமா?

அந்தப் பெயர் இல்லாத கலைஞருக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, தனியே உட்கார்ந்து தோலுக்குச் சூடு காட்டிக் கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஆசானுக்குப் பிள்ளைகள் உண்டா? அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“ஒரு பய இருக்கான், சார். பாலிடெக்னிக் படிக்கிறான். அவனுக்குச் சொல்லிக் குடுக்கலை.”

“ஏன்?”

அவர் தப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அவன் இதைத் தோள்ல போட்டான்னா ஊருல சாவுக்குக் கூப்புடுவாக. வர மாட்டேன்னு சொன்னா வம்பு. உங்க பிள்ளைக போட்டா மேடைக்குக் கூப்புடுவாக. தப்பு ஒண்ணுதான், சார். தோளுதான் வேற.”

அவருடைய பேச்சில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மாலை மேடையில் ‘பொதுச் சொத்து’ என்ற வார்த்தை முழங்கியபோது, அவர் பந்தலுக்கு வெளியே தப்புகளைச் சாக்கில் கட்டிக் கொண்டிருந்தார்.

“கலையில் ஏன் ஐயா ஜாதியை இழுக்கிறீர்கள்?” என்று சிலர் கேட்பார்கள். நான் இழுக்கவில்லை. அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற சௌகரியம் நமக்கு இருக்கிறது. ஆசானின் மகனுக்கு இல்லை. பறையே வேண்டாம், அது எங்களைக் கட்டிய விலங்கு என்று அதை விட்டெறிந்தவர்கள் அந்தச் சமூகத்தில் உண்டு. இல்லை, இதுவே எங்கள் போர்க்குரல் என்று தலைநிமிர்ந்து எடுத்தவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் அவர்கள். நடுவில் புகுந்து “சண்டை வேண்டாம், இது எல்லோருக்கும் பொது” என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. அயர்லாந்தில், கிளேர் ஜில்லாவில், மில்டவுன் மால்பே என்று ஒரு சிற்றூர். அந்த வட்டாரத்தில் வில்லி க்ளான்ஸி என்ற தச்சர் இருந்தார். முழங்கைக்கடியில் துருத்தியை இடுக்கி ஊதுகிற அந்த நாட்டுப் பைப் வாத்தியத்தில் நிபுணர். 1973 ஜனவரியில் அவர் காலமானார். அதே வருஷம் அவர் பெயரால் அந்த ஊரில் ஒரு கோடைக்காலச் சங்கீதப் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் ஜூலை மாதம் ஒரு வாரம், எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து வாத்தியமும் பாட்டும் ஆட்டமும் கற்கிறார்கள். பள்ளிக்கு வைத்த பெயரே ஒரு தச்சரின் பெயர் என்பதைக் கவனியுங்கள். அந்த மட்டில் அவர்கள் நம்மைவிட மேல்.

ஆனால் க்ளான்ஸியின் இளமையில் அவரை ஈர்த்த பைப் வித்வான் ஜானி டோரன். ஊர் ஊராகக் குதிரை வண்டியில் திரிந்து, சந்தைகளில் வாசித்துப் பிழைத்தவர். ‘ட்ராவலர்’ என்று அந்நாட்டார் ஒதுக்கி வைத்திருந்த நாடோடி இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய வாசிப்பை நாட்டார் வழக்காற்றுக் கமிஷன் 1947ல் ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொண்டது. மறு வருஷம் டப்ளின் நகரில் அவர் குடியிருந்த வண்டியின்மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. 1950ல் அவர் காலமானார். அவருடைய இனத்தைத் தனி இனமாக அயர்லாந்து அரசாங்கம் ஒப்புக்கொண்டது 2017 மார்ச் மாதத்தில். அந்த பைப் இசையை உலகத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் அதே 2017ல்தான். பள்ளி தொடங்கி 44 வருஷம் கழித்து! நாதத்தைப் பதிவு செய்ய ஒரு மெஷின் போதுமாக இருந்தது. நாதத்தைக் கொடுத்தவரின் ஜனத்தை மனிதராகப் பதிவு செய்ய 70 வருஷம் வேண்டியிருந்தது.

நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்று காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாகமலையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் அரசரடி. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்ற ஆசிரியர் இருந்தார். 2005ல் காலமானார். ‘பரட்டை’ என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டு, கிராமத்து மெட்டுக்களைக் கோயில் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். மெட்டை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே போதித்தார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் கையிலேயே பறையைக் கொடுத்தது. பெண்கள் தொடாத வாத்தியம் அது. அவர்கள் தொட்டபோது இரண்டு விலங்குகள் ஒன்றாகத் தெறித்தன.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, கிராமத்துப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்துப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அலங்காநல்லூர்ப் பறை ஆசான் வேலுவுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷந்தான். ஒரு வேலு ஆசானின் பெயரை ஜனாதிபதி மாளிகையில் வாசிக்க முடிகிறபோது, நம் முகாம் நோட்டீஸில் ஓர் ஆசானின் பெயரை அச்சடிக்க மட்டும் ஏன் இடம் போதவில்லை?

முகாம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது கஷ்டமான காரியம் ஒன்றும் அல்ல. கற்றுக் கொடுக்கிறவரின் பெயரை நோட்டீஸின் தலையில் போடுங்கள். வீணை வாத்தியாருக்கு என்ன சம்பளம் பேசுவீர்களோ அதை அவருக்கும் முன்கூட்டியே பேசுங்கள். ‘ஏதோ பார்த்துச் செய்கிறோம்’ என்ற பேச்சு வேண்டாம்; ‘பார்த்துச் செய்வது’தான் அவருடைய பாட்டனாரையும் ஏய்த்தது. மைக்கை முதல் நாள் காலையிலேயே அவர் கையில் கொடுங்கள். எந்த அடி எந்தக் காரியத்துக்கு, எந்த அடியை அவர் இப்போது அடிப்பதில்லை, ஏன் அடிப்பதில்லை என்று அவரே சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு தொல்காப்பியத்தைக் கேட்போம், ருசியாக இருக்கும். பணம் கட்டாமல் கற்க அவருடைய தெருப் பிள்ளைகளுக்குச் சில இடம் ஒதுக்குங்கள். நம் பிள்ளைகளோடு தோள் சேர்த்து அவர்கள் அடிக்கட்டும். மேடையில் அடித்த வாத்தியத்துக்காக ஊரில் ஒருவர் அவனைச் சாவுக்கு அதட்டிக் கூப்பிட்டால், கூட நிற்கப் பத்துப் பேர் இருப்பார்கள்.

கற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கற்றதைக் காணொளி எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறீர்கள்; அனுப்புங்கள். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசானின் வீட்டுக்குப் போய்வாருங்கள். அங்கே கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள். பிறகு அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். முன்வாசல் வழியாக, சாப்பாட்டு வேளையில். அந்த இலை போடுவதில் வீட்டில் யாருக்காவது தயக்கம் இருந்தால், தப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் கைக்கு அடி பழகிவிடும். வீட்டுக்கு ஆசான் பழக எத்தனை நாள் ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்கும் ஒரு முகாம் வேண்டும் என்றால் நடத்துங்கள். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன்.