வாடகை கம்ப்யூட்டரும் 3389-ஆம் வாசலும்

அல்லிநகரத்திலும் நம் வணிகர்கள் பேரேட்டைக் 'கிளவுட்' எனும் வாடகை கம்ப்யூட்டருக்கு மாற்றி வருகிறார்கள். போடி ஏலக்காய் ஏலமே 2021-இல் கிளவுட் முறைக்கு வந்துவிட்டது. மாறுவதை நாம் குறை சொல்லவில்லை. பூட்டு யார் பொறுப்பு என்று கேட்காமல் மாறுவதைத்தான் சொல்கிறோம்.

வாடகைக்கு விடும் கம்பெனியின் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் வெறும் மென்பொருளாகக் குடியிருக்கின்றன. அவற்றையும் வெளியுலகையும் இணைப்பது 'விர்ச்சுவல் ஸ்விட்ச்'. காவலும் அங்கேயே நிற்கிறது. நம் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்தாலும் வெளியே நிற்கும் இந்தக் காவலை எளிதில் கலைக்க முடியாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரை உள்ளே விடலாம் என்ற 'செக்யூரிட்டி குரூப்' பட்டியலை எழுத வேண்டியவர் நாம், கம்பெனி அல்ல. அமேசானில் புதிதாக ஒரு பட்டியல் தொடங்கினால் உள்ளே வரும் வழிகள் மூடியே இருக்கும். திறந்து விடுவது நம் ஆட்களே.

ஏன் திறக்கிறார்கள்? கடையின் இன்டர்நெட் எண் அடிக்கடி மாறும். இன்று அனுமதித்த எண் நாளை செல்லாது. கணக்குப்பிள்ளை போன் மேல் போன் போடுவார். தொல்லை விட்டதென்று கம்ப்யூட்டர்காரர் 0.0.0.0/0 என்று எழுதிவிடுவார். பார்க்க முட்டை வரிசை. பொருளோ 'உலகில் யாரும் வரலாம்' என்பது. அதுவும் 3389-இல், அதாவது தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் வாசலில்! அங்கே கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் திருட்டு புரோகிராம்கள் இரவு பகலாக அலைகின்றன. நுழைந்தால் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். தீபாவளி நேரத்தில் பாக்கிப் பட்டியல் இல்லாமல் வசூலுக்குப் போவது எப்படி?

சின்னவர்களை யார் தொடுவார் என்பாரும் உண்டு. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது. என்.பி.சி.ஐ. அதைத் தன் இணைப்பிலிருந்து துண்டித்தது. ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் யு.பி.ஐ. முதலிய சேவைகள் தடைப்பட்டன. சரியாக அமைக்கப்படாத ஒரு சர்வர் வழியே நுழைந்ததாக, ஆராய்ந்த கிளவுட்செக் நிறுவனம் கூறியது.

மாறாத எண்ணுக்கு மாதக் கட்டணம் கேட்பார்கள்; கொடுக்கலாம். இல்லையேல் வி.பி.என். வைக்கலாம். டேட்டாபேஸ் வாசலை வெளியாருக்கு அறவே மூட வேண்டும். கணக்கின் ஒரு பிரதி, இணைப்பைக் கழற்றிய தனி டிஸ்க்கில் கடையிலேயே இருக்கட்டும்.

வணிகப் பெருமக்கள் அடுத்த தவணை கொடுக்குமுன் அந்தப் பட்டியலை அச்சிட்டு வாங்குங்கள். 0.0.0.0/0 எங்கெங்கே உள்ளது, எதற்காக என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவருக்குத் தவணையை நிறுத்தி வைக்கலாம் என்பதே நம் கருத்து.