ஃபேனை மாற்றினால் சூடு போய்விடுமா?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வாதம் ஓங்கி ஒலிக்கிறது: பெல்ட்டில் சுழலும் ஃபேனைக் கழற்றி எறி, எலக்ட்ரிக் ஃபேன் போடு, இன்ஜின் சூடாகவே ஆகாது. பாதி உண்மைதான். ஆபத்து மீதிப் பாதியில் இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும். அதோடு பெல்ட் ஃபேனும் மெதுவாகவே சுற்றும். அங்கே எலக்ட்ரிக் ஃபேன் கைகொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி சூடானால் குற்றவாளி ஃபேன் அல்ல. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். அடைத்துப்போன ரேடியேட்டரையோ, திறக்காத தெர்மோஸ்டாட்டையோ, அழுத்தம் தாங்காத ரேடியேட்டர் மூடியையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கை இந்த வாதம் தொடுவதே இல்லை. 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 12 வோல்ட்டில் 180 வாட் வேண்டும். பழைய டைனமோ, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. அதாவது, ஃபேன் எந்த நேரத்தில் தேவையோ அதே நேரத்தில் பேட்டரி வடியும். இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடலாம்.

ரிலேயும் பியூஸும் இல்லாமல் சுவிட்சிலிருந்து நேரே ஒயர் இழுப்பது இன்னும் மோசம். அந்த ஒயர் உருகித் தீப்பிடிக்கலாம்.

பழைய ஃபேனைக் கழற்றினாலும் பெல்ட் ஒழிந்துவிடாது, வாட்டர் பம்ப் அதில்தான் ஓடுகிறது.

எனவே ரேடியேட்டரை முதலில் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் ஃபேன் வேண்டுமென்றால், டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தாமல் அதை வாங்காதீர்கள்.