பழைய ஹைபிரிட் காரா... ஏற்காடு மலை ஏறி இறங்கினால் எல்லாம் தெரிந்துவிடும்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் மலைப்பாதை. முன்னால் அரசுப் பேருந்து, பின்னால் வரிசையாகக் கார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஹைபிரிட் கார் ஒன்று முதல் சில கொண்டை ஊசி வளைவுகளைச் சத்தமே இல்லாமல் தாண்டிவிட்டது. அடுத்த வளைவில் திடீரென்று இன்ஜின் உறும ஆரம்பிக்கிறது. ஓட்டுபவரின் கால் ஆக்ஸிலரேட்டர் பக்கமே போகவில்லை.

"என்னங்க, கார் தானா ரேஸ் ஆகுது?"

"பேட்டரி போச்சுன்னு நினைக்கிறேன்."

பழைய ஹைபிரிட் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம்தான் இது. கார் எந்தக் குரலில் முனகினாலும் பழி பேட்டரி மீதுதான். அந்தப் பேட்டரியை மாற்ற லட்சங்களில் செலவாகும் என்பதால், அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால், மேலே சொன்ன உறுமல் கோளாறே இல்லை. கார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அடையாளம் அது.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு பேரோடு 1,900 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,200 மீட்டர் கீழே இறங்கினால், அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆற்றல் சுமார் 6 யூனிட். நம் வீட்டு ஈ.பி. கணக்கில் வரும் அதே யூனிட்தான். காற்றிலும் டயர் உராய்விலும் கொஞ்சம் போனாலும் மிச்சம் நிறைய இருக்கும். ஆனால், பழைய கேம்ரி ஹைபிரிட்டின் பேட்டரி மொத்தமாகவே சுமார் 1.6 யூனிட்தான் கொள்ளும். ப்ரியஸில் 1.3 யூனிட். அதிலும் பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்ற, கார் அதை முழுதாகக் காலி செய்யவும் விடாது, முழுதாக நிரப்பவும் விடாது. நடுவில் இருக்கும் பகுதியை மட்டும்தான் பயன்படுத்தும். ஆக, சில வளைவுகளிலேயே சொம்பு நிரம்பிவிடும். குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

மிச்ச மின்சாரத்தை என்ன செய்வது? கார் அதை வைத்து இன்ஜினைச் சும்மா சுற்றவிடுகிறது. பெட்ரோல் போகாது, சத்தம் மட்டும் வரும். சாதாரண காரில் இரண்டாவது கியரில் இறங்கும்போது கிடைக்கும் இன்ஜின் பிரேக்கிங்தான் இதுவும். ப்ரியஸிலும் பல டொயோட்டா ஹைபிரிட்களிலும் கியர் லீவரில் 'டி'க்குப் பக்கத்தில் 'பி' என்று ஓர் எழுத்து இருப்பது இதற்காகத்தான். ஊருக்குள் ஓட்டும்போது அதைத் தொட வேண்டாம். அங்கே போட்டால் மைலேஜ்தான் குறையும். மலை இறங்கும்போது மறக்காமல் போடுங்கள். பேட்டரி நிரம்பியதும் பிரேக்கின் முழுப் பாரமும் பிரேக் பேடு மீது விழும். அதில் ஒரு பகுதியை 'பி' வாங்கிக்கொள்ளும்.

சரி, உறுமல் கோளாறு இல்லை. அப்படியென்றால் எதுதான் கோளாறு?

அதைச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதுதான் இங்கே பிரச்னையே. இந்தியாவில் ஹைபிரிட் கார் தாமதமாக வந்தது, வந்ததும் குறைவு. 2008-ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. 2010 ஆட்டோ எக்ஸ்போவில் ப்ரியஸ் அறிமுகமானது. 2013-ல் கேம்ரி ஹைபிரிட்டை பிடதி தொழிற்சாலையிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி வந்தபோது ஹைபிரிட்டுக்கு செஸ்ஸோடு சேர்த்து 43 சதவிகிதம் வரி போட, விற்பனை படுத்துவிட்டது. கார்களே குறைவு என்றால் அதைப் பிரித்துப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளும் குறைவாகத்தானே இருப்பார்கள்? (2015-ல் வந்த சியாஸ், எர்டிகா 'எஸ்.ஹெச்.வி.எஸ்' வண்டிகள் ஏராளம். ஆனால் அவை மைல்டு ஹைபிரிட். மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாகக் காரை ஓட்டாது. இங்கே பேசுவது அவற்றைப் பற்றி அல்ல.)

இலங்கையில் நிலைமை நேர் எதிர். ஜப்பானிலிருந்து வந்த பழைய ப்ரியஸ், அக்வா, ஆக்ஸியோ, வெஸல் என்று அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஹைபிரிட்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓடவைத்தாக வேண்டும். அதனால் பேட்டரியைப் பிரித்துச் சோதித்து, கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தரும் கடைகள் அங்கே சகஜம். நமக்கு அந்தக் கட்டாயம் இதுவரை வரவில்லை. 2022-லிருந்து ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, ஹைகிராஸ் என்று ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்கள் நிறைய விற்கின்றன. இவற்றின் பேட்டரிக்குக் கிடைக்கும் வாரன்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. 2030-லிருந்து அவையும் ஒவ்வொன்றாக வாரன்டி வட்டத்தைவிட்டு வெளியே வரும்.

குட்டி பேட்டரியை முதலில் பாருங்கள்

ஹைபிரிட் காரில் இரண்டு பேட்டரிகள். பின் சீட்டுப் பக்கம் இருக்கும் பெரியது காரை ஓட்டுவது. கேம்ரியில் அது 244.8 வோல்ட். இன்னொன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. ப்ரியஸிலும் கேம்ரியிலும் இது டிக்கிக்குள் இருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்வது இதன் வேலை இல்லை. காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியின் ரிலேக்களைப் போடுவதும்தான் வேலை. இது பலவீனமானால் டேஷ்போர்டில் தீபாவளிதான். ஏ.பி.எஸ், ஸ்டீயரிங், ஹைபிரிட் சிஸ்டம் என்று சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும், 'ரெடி' மட்டும் வராது. பெரிய பேட்டரி நன்றாகவே இருக்கும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற விஷயத்துக்கு லட்சக்கணக்கில் எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

வார இறுதியில் மட்டும் எடுக்கும் கார்களுக்கும், எஸ்டேட் பங்களா ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களுக்கும் இது சீக்கிரம் வரும். பெரிய பேட்டரிக்கும் சும்மா நிற்பது ஆகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரமோ 16 கிலோமீட்டரோ ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கையேடு. ஏற்காட்டு லூப் ரோட்டில் ஒரு சுற்று வந்தால் 32 கிலோமீட்டர், கணக்கு தாராளமாக முடிந்துவிடும்.

அடுத்து, பின் சீட்டின் ஓரத்திலோ அதற்குப் பின்னால் இருக்கும் தட்டிலோ ஒரு ஜன்னல் மாதிரி சல்லடை இருக்கும். பெரிய பேட்டரி மூச்சு விடும் வழி அது. அதன் மீது பையைச் சாய்த்து வைப்பதும் போர்வையைப் போடுவதும் நம் குடும்பங்களின் தேசிய வழக்கம். தூசும் நாய் முடியும் உள்ளே போய் விசிறியை அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகும். சூட்டில்தான் அதன் ஆயுள் குறையும். மலை ஏறும்போது பின்னாலிருந்து விசிறிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டால், முதலில் அந்தச் சல்லடையையும் விசிறியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு.

மூன்றாவது, இன்வெர்ட்டர். பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி இது. இதற்கென்று தனி கூலன்ட், தனி டேங்க், தனியாகச் சின்ன எலெக்ட்ரிக் பம்ப். கீழே சமதளத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் வார்னிங் லைட் வரும், பவர் குறையும். ஓரமாக நிறுத்தி ஆறவைத்தால் மறுபடி ஓடும். இப்படி நடந்தால் அந்தப் பம்ப் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். பல மாடல்களில் காரை 'ரெடி'யில் வைத்து டேங்க்கைப் பார்த்தால் உள்ளே கூலன்ட் சலசலப்பது தெரியும். அசைவே இல்லை என்றால் பம்ப் நின்றிருக்கலாம். பார்க்கும்போது கையை உள்ளே விட வேண்டாம். 'ரெடி'யில் இருக்கும் ஹைபிரிட்டில் இன்ஜின் சொல்லாமல் ஸ்டார்ட் ஆகும்.

ப்ரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2014 பிப்ரவரியில் இன்வெர்ட்டர் சாஃப்ட்வேர் கோளாறுக்காக டொயோட்டா உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் ப்ரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. இரண்டாவது, மூன்றாவது கை மாறி வந்த வண்டி என்றால், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அந்த ரீகால் உங்கள் காருக்கும் உண்டா, வேலை முடிந்ததா என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளலாம். அதே தலைமுறை ப்ரியஸில் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆனதும் கார் சில நொடிகள் குலுங்கினால் அதுவும் பேட்டரி இல்லை. இ.ஜி.ஆர் கரி அடைப்பையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். இன்ஜின் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதா என்று கவனியுங்கள். ஏற்காட்டு டிசம்பர் குளிரில் இந்தக் குலுக்கல் நன்றாகத் தெரியும்.

உண்மையிலேயே பெரிய பேட்டரியா?

இப்போதுதான் பெரிய பேட்டரிக்கு வர வேண்டும். கெட்டுப்போகும் பேட்டரி தன் குணத்தை மலையில் மறைக்க முடியாது. டேஷ்போர்டில் சார்ஜ் கோடுகள் ஏற்றத்தில் மளமளவென்று இறங்கும், இறக்கத்தில் இரண்டே வளைவில் நிரம்பிவிடும். கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று அர்த்தம். நல்ல பேட்டரியும் இறக்கத்தில் நிரம்பத்தான் செய்யும். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. அதனால் கார் நன்றாக இருக்கும்போதே எத்தனையாவது வளைவில் நிரம்புகிறது என்று ஒரு முறை குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வருடம் அதே வளைவோடு ஒப்பிடலாம்.

இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் ஸ்கேனர் வேண்டும். ப்ரியஸ் பேட்டரியில் 28 மாட்யூல்கள், கேம்ரியில் 34. இரண்டிரண்டாகச் சேர்த்து ஒவ்வொரு ஜோடியின் வோல்டேஜையும் காரின் கம்ப்யூட்டர் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ப்ளூடூத் ஓ.பி.டி கருவியும் 'டாக்டர் ப்ரியஸ்' மாதிரி செயலியும் இருந்தால் அதே எண்களை மொபைலிலேயே பார்க்கலாம். நிற்கும்போது எல்லாம் சமமாகத்தான் தெரியும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் தொப்பென்று விழுந்தால் நோய் அங்கேதான். 'பி0ஏ80' என்ற கோடு வருவதற்கு முன்பே இது தெரியும். எண்களைப் பார்ப்பது பக்கத்து சீட்காரரின் வேலை. ஓட்டுபவர் வளைவைப் பார்க்கட்டும்.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம், கார் ஓடும். ஆனால், பத்து வருடம் ஒன்றாகக் கிழடான கூட்டத்தில் ஒன்றை மட்டும் இளசாக வைத்தால், சில மாதங்களில் அடுத்த கிழம் படுக்கும். காரை விற்கும் வரை ஓட்ட வேண்டும் என்றால் அந்த வழி போதும். ஐந்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முழு பேக்தான் கட்டுப்படியாகும். எதுவானாலும் யூடியூப் பார்த்து வீட்டில் பிரிக்கும் வேலை இது இல்லை. ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது உயிரை எடுக்கும் மின்சாரம். பயிற்சி பெற்றவர்களே சர்வீஸ் பிளக்கை உருவிவிட்டு, கெப்பாசிட்டர்கள் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, ரப்பர் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள். எஸ்டேட் எலிகள் அந்த ஆரஞ்சு வயரையோ பக்கத்து வயரையோ கடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் கை வைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

நடுவழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பஞ்சாயத்து டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. முன் சக்கரம் உருண்டாலே மோட்டாரும் சுற்றும், உள்ளே எல்லாம் பழுதாகும். லாரி மேல் ஏற்றிக் கொண்டுபோகும் ஃப்ளாட்பெட்தான் வேண்டும். இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டென்ஸ் எடுக்கும்போதே, மலைப்பாதைக்கு ஃப்ளாட்பெட் அனுப்புவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹைபிரிட் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் மலைதான் சோதனைச்சாலை. ஊருக்குள் இரண்டு தெரு ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், அங்கேயே ஸ்டார்ட் செய்து, விற்பவரையும் உட்காரவைத்து ஏற்காடு வரை ஏறி இறங்குங்கள். அவர் மறுத்தால் விலையைப் பேச வேண்டியதே இல்லை. 15 வருடம் நெருங்கிய வண்டி என்றால் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஆர்.சி புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

இறங்கும்போது பிரேக் மீது ஒரு காது இருக்கட்டும். பிரேக்கை மிதிக்காதபோதும் சில நொடிகளுக்கு ஒரு முறை 'உர்ர்' என்று பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால், பிரேக் ஆக்சுவேட்டர் சோர்ந்துவிட்டது. அது பெரிய செலவு. பெடல் மெத்தென்று அமுங்கினால் ஆயிலில் ஈரம் ஏறியிருக்கலாம். அது சின்னச் செலவு, ஆனால் அப்படியே மலை இறங்கக் கூடாது. ஹைபிரிட்டில் பேடு பல வருடம் தேயாது என்பதால் பலர் பிரேக்கைத் திறந்து பார்ப்பதே இல்லை. பனியும் ஈரமும் உள்ள மலையில் அந்த அலட்சியத்தில்தான் காலிப்பர் பின் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

கோரிமேட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். முன்னால் இரண்டும் ஒரே மாதிரி, பின்னால் இரண்டும் ஒரே மாதிரி அனல் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகக் கொதித்தால், அந்தச் சக்கரத்தின் காலிப்பரை அடுத்த மலைப் பயணத்துக்கு முன்பே கழற்றிப் பார்த்தாக வேண்டும்.