பயிர் காக்கும் பற்றீரியா

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை விதித்த அரசாங்கம், நவம்பரிலே அதை நீக்கிற்று. இடையில் பெரும்போகம் வந்துவிட்டது. படுவான்கரைக் கமக்காரர் பசளைக்கு வழியின்றி வட்டையில் நின்றனர். சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரியிலோ, பயிருக்குத் தீங்கிழைக்கும் பற்றீரியா இருப்பதாக நமது தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையினர் கண்டனர்!

பற்றீரியா யாவும் பகையல்ல. சூடோமோனாசு புளோரசன்சு என்னும் இனம் வேரைச் சூழ்ந்து வாழ்வது. நோய்ப் பங்கசுகளுக்குக் கிட்டாதபடி மண்ணின் இரும்புச்சத்தைத் தானே கவர்ந்துகொள்வது. வேர் வளர்ச்சியையும் தூண்டுவது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை டால்க் தூளிற் கலந்து, ஒரு கிலோ விதைநெல்லுக்கு 10 கிராம் வீதம் இடப் பரிந்துரைக்கிறது. எரிபந்த நோயை அடக்க இது உதவும். பசளைக்கு ஈடாகாது, ஈடென்று சொல்லி விற்க வருவோரை நம்ப வேண்டாம்.

கோவை மண்ணில் வென்றது, உவரேறும் வாவியோர வயலிலும் வெல்லுமென்று உறுதி கூற முடியாது. நம் வயல் வேர்களிலிருந்தே தகுந்தவற்றைப் பிரித்தெடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்கென வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. உயிருள்ள இப்பொருள் வெயிலிற் கிடந்தால் வீணாகும். சோதனையில் தேறியதைத் திகதி பொறித்து, விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையங்கள் வழியாக வழங்குவதற்கு அரசாங்கத்துக்கு என்ன தடை?